டெக்சாஸில் லைசென்ஸ் எடுக்காமலே மீன் பிடிக்கலாம்

குழந்தைகளோடு முதன்முதலாக மீன் பிடிக்கப் போகிறீர்களா? எடுத்ததுமே கைடு படகுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஏரி உள்ள ஒரு டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குக்குப் போய்க் கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ தூண்டில் போடுங்கள். பூங்கா எல்லைக்குள் கரையில் நின்று பிடிக்க, பெரியவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. பல பூங்காக்களில் தூண்டில் கழியையும் இலவசமாக இரவல் தருகிறார்கள். கிளம்பும்முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் மட்டும் உண்டு, 12 வயது வரை அதுவும் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கரைதான் நல்லது. வெயில் காலத்தில் புளூகில் மீன்கள் மேடைத் தூண்களை ஒட்டியே திரியும். மண்புழுவைச் சின்னதாகக் கிள்ளி முள் நுனியில் கோத்தால் போதும்; முழுப் புழுவைக் கோத்தால் சின்ன வாயுள்ள அந்த மீன் புழுவின் ஓரத்தைக் கடித்துவிட்டு ஓடிவிடும்.

கைடு உங்களைப் படகில் பூங்காவுக்கு வெளியே பெரிய ஏரிக்குள் கூட்டிப்போனால் இந்தச் சலுகை கிடையாது. 17 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். ஒருநாள் லைசென்ஸே கிடைக்கிறது. எத்தனை மீன், எந்த அளவு என்ற வரம்பு பூங்காவுக்குள்ளும் உண்டு.