கதிரியக்கப் பெட்டி ரோட்டில் போகும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்?

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவே பட்டாணி அளவுள்ள ஒரு குப்பியைத் தேடி அலைந்தது. உயரம் 8 மில்லிமீட்டர், விட்டம் 6 மில்லிமீட்டர், உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். நியூமன் ஊர்ப் பக்கம் இருக்கும் ரியோ டிண்டோ நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு லாரியில் போன ஓர் அளவுமானிக்குள் அது இருந்தது. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர். லாரி எதிலும் மோதவில்லை, கவிழவும் இல்லை. வழியெல்லாம் குலுங்கியதில் அளவுமானியின் திருகுகள் கழன்று, போல்ட் விட்டுப்போன ஓட்டை வழியாகக் குப்பி ரோட்டில் விழுந்திருக்க வேண்டும் என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள்.

கதிரியக்கப் பொருள் ரோட்டில் போகிறது என்றால் நமக்கு முதலில் வரும் பயம் விபத்துதான். ஆனால் அதிக வீரியமுள்ள பொருள்களை ஏற்றும் ‘டைப் பி’ பெட்டிகள் அதற்கென்றே செய்யப்பட்டவை. 9 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டும், 1 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புக் கம்பி முனையில் விழவைத்தும், 800 டிகிரி நெருப்பில் அரை மணி நேரம் வைத்தும் தேறிய வடிவமைப்பு அவற்றுக்கு. பெட்டி தாங்கிவிடும். வண்டி கிளம்புவதற்கு முன்னும் போய்ச் சேர்ந்த பிறகும் மனிதர்கள் செய்கிற அலட்சியத்தைத்தான் எந்தச் சோதனையாலும் பிடிக்க முடிவதில்லை.

முதல் தவறு, சோர்ஸ் (கதிர்வீச்சு தரும் சின்னத் துண்டு) கவசத்துக்கு உள்ளேதான் இருக்கிறது என்று நம்பிவிடுவது. வெல்டிங் இணைப்புகளைக் கதிர்வீச்சால் படம் பிடிக்கும் ரேடியோகிராஃபி வேலையில் இது அடிக்கடி எட்டிப் பார்க்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்த களைப்பு, கைப்பிடியைச் சுற்றிக் கேபிளோடு சோர்ஸை இழுத்தாயிற்று, கேமராவை (சோர்ஸ் தங்கும் கவசக் கருவி) வண்டியில் ஏற்று, கிளம்பு. இரிடியம்-192 சோர்ஸ் கவசத்துக்குள் முழுசாகத் திரும்பிவிட்டதா என்பதைக் கைப்பிடி சுற்றின கணக்கு சொல்லாது, கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர்தான் சொல்லும். கேமராவைச் சுற்றி அளந்து, பூட்டி, சாவியை எடுத்த பிறகுதான் அது ஏற்றத் தகுந்த பொருள். 1999-ல் பெரு நாட்டின் யனாங்கோவில், கேமராவை விட்டு வெளியே வந்து கிடந்த இரிடியம் சோர்ஸை ஒரு வெல்டர் இன்னதென்று தெரியாமல் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கடைசியில் அவருடைய ஒரு காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது, வந்து சேர்ந்ததும் திறந்து பார்க்காமல் விடுவது. என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே மோசம். ஆஸ்திரேலியப் பெட்டி ஜனவரி 12-ம் தேதி கிளம்பி 16-ம் தேதி பெர்த் போய்ச் சேர்ந்தது. பிரித்துப் பார்த்தது 25-ம் தேதி. அதுவரை குப்பி தொலைந்தது என்பதே யாருக்கும் தெரியாது. பெட்டி இறங்கியதும் ஒரு ஆள் மீட்டரைக் காட்டியிருந்தால், தேடல் ஒன்பது நாள் முன்னாலேயே தொடங்கியிருக்கும். கடைசியில் பிப்ரவரி 1-ம் தேதி, 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த தேடல் வண்டியின் கருவி நியூமனுக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. இத்தனைக்கும், இப்படித் தொலைப்பதற்கு அப்போது அந்த மாநிலச் சட்டத்தில் இருந்த அபராதம் 1,000 டாலர்தான்!

சரி, லேபிளுக்கு வருவோம். வெள்ளை-1, மஞ்சள்-2, மஞ்சள்-3 என்று மூன்று வகை. பெட்டியின் மேற்பரப்பில் எவ்வளவு கதிர்வீச்சு, 1 மீட்டர் தள்ளி எவ்வளவு என்று இரண்டையும் பார்த்துத்தான் வகை தீர்மானமாகும். 1 மீட்டரில் மணிக்கு அதிகபட்சமாக எத்தனை மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் யூனிட்) வருகிறதோ அதை 100-ஆல் பெருக்கினால் கிடைப்பது டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ். மீட்டர் மைக்ரோசீவர்ட்டில் காட்டினால் 10-ஆல் வகுத்தால் போதும். இந்த இடத்தில்தான் பலர் யூனிட்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓர் உதாரணம்: மேற்பரப்பில் 0.4 மில்லிசீவர்ட், 1 மீட்டரில் 30 மைக்ரோசீவர்ட். மேற்பரப்பை மட்டும் பார்த்தால் மஞ்சள்-2. ஆனால் இண்டெக்ஸ் 3 வருகிறது, 1-ஐத் தாண்டினாலே மஞ்சள்-3 தான். இரண்டு விடை வந்தால் உயர்ந்த வகையை எடுக்க வேண்டும்.

போன தடவை ஒட்டிய லேபிளோடு அப்படியே அனுப்புவதும் நடக்கிறது. இரிடியம்-192-ன் அரை ஆயுள் (வீரியம் பாதியாகக் குறையும் காலம்) சுமார் 74 நாள்தான். நாலு மாதம் கழித்துப் பழைய எண் பொருந்தாது, புது சோர்ஸ் மாற்றியிருந்தால் சுத்தமாகப் பொருந்தாது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக அளந்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேமரா சின்னதாக இருப்பதால் பஸ்ஸிலோ ரயிலிலோ ஆட்டோவிலோ கொண்டுபோய்விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் அதற்கு அனுமதி கிடையாது. சொந்த வண்டி என்றாலும் மஞ்சள் லேபிள் பெட்டி இருக்கும்போது டிரைவரும் உதவியாளரும் தவிர யாரும் ஏறக்கூடாது. வழியில் லிஃப்ட் கொடுக்கும் தாராள மனசு இங்கே வேண்டாம். அப்புறம், பெட்டியை டிரைவர் இருக்கையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, ஆடாமல் கட்டி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்.

வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் பாதுகாப்புதான். 2013 டிசம்பரில் மெக்சிகோவில், திஹுவானா மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்பட்ட கோபால்ட்-60 கருவியைக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோன லாரி, டிரைவர் பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஓய்வெடுத்தபோது திருடப்பட்டது. திருடர்களுக்கு லாரிதான் தேவைப்பட்டதாம், உள்ளே இருந்தது என்னவென்றே தெரியாது. சோர்ஸ் கவசத்தை விட்டு வெளியே எடுக்கப்பட்டு ஒரு வயலில் கிடந்தது, அதை மீட்க ரோபோ தேவைப்பட்டது. இரவில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், ஆள் காவல் இருக்கும் இடம் எது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

‘காலிப் பெட்டிதானே’ என்ற பேச்சையும் நம்பாதீர்கள். அளந்து பார்க்காமல் எதுவும் காலி இல்லை. பல கேமராக்களில் கவசமே வீரியம் குறைந்த யுரேனியத்தால் ஆனது, சோர்ஸ் இல்லாவிட்டாலும் அது கதிரியக்கப் பொருள்தான். இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. சரக்கை இறக்கிய பிறகும் வண்டியின் இரு பக்கமும் பின்புறமும் மாட்டிய கதிரியக்கப் பலகைகளைக் கழற்றாமல் ஊர் சுற்றுவது. வெறும் வண்டி விபத்தில் சிக்கினாலும், பலகையைப் பார்த்துவிட்டு உதவிக்கு வருபவர்கள் எட்டி நின்றுவிடுவார்கள்.

நிஜமாகவே விபத்து நடந்தால், அடிபட்டவரைத் தூக்குவதுதான் முதல் வேலை. கதிர்வீச்சு பயத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பிறகு, பெட்டி சேதமானதாகத் தெரிந்தால் சுற்றிலும் 30 மீட்டருக்கு யாரையும் விடாதீர்கள், தீப்பிடித்திருந்தால் 300 மீட்டர். சிதறிக் கிடக்கும் எந்த உலோகத் துண்டையும் கையால் தொடக்கூடாது. டிரைவர் கேபினில் இருக்க வேண்டிய ட்ரெம்கார்டில் (அவசரகால வழிகாட்டி அட்டை) யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த நம்பர் வேலையை விட்டுப் போன பாதுகாப்பு அதிகாரியுடையதாக இருந்தால் அட்டையால் பயனில்லை. வண்டி கிளம்பும் முன் ஒரு தடவை அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பாருங்கள்.