வீட்டுக்கு ஜெனரேட்டர்: வாட்டைக் கூட்டும் முன் மோட்டாரைப் பாருங்கள்

புயல் நேரத்தில் கடைக்குப் போய் "வீட்டுக்கு எத்தனை கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறன் அளவு) வேணும்?" என்று கேட்டால், கடையில் எது இருப்பில் இருக்கிறதோ அதுவே பதிலாக வரும். கரண்ட் இருக்கும்போதே கணக்கை வீட்டில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. இபி மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்றால், ஒரு நிமிடத்தில் எண்ணிய சிமிட்டலை 18.75-ஆல் பெருக்குங்கள், வாட் வந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு 8 சிமிட்டல் வந்தால் 150 வாட். டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தை விலை மலிந்த டெஸ்டர் பிடிக்காது, இன்ரஷ், அதாவது கிளம்பும் கணத்தின் உச்ச ஆம்பியரைப் பிடிக்கும் வசதி, உள்ளதாக இருக்க வேண்டும்.

ஒரு சாதாரண வீடு: ஃபிரிட்ஜ் 150, பழைய மின்விசிறி மூன்று 225, எல்.இ.டி. பல்பு ஆறு 54, டிவி 60, ரவுட்டர் 12. மொத்தம் 501 வாட். கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு மூன்றையும் மறந்துவிடுங்கள்.

501 வாட்தானே, சின்ன ஜெனரேட்டர் போதும் என்று தோன்றும். மாட்டிக்கொள்வது இங்கேதான். மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு, சிலது ஐந்து மடங்குக்கு மேலும் இழுக்கும். அரை ஹெச்.பி. தண்ணீர் மோட்டாரின் தகட்டில் 4 ஆம்பியர் என்றிருந்தால் 4 × 230 = 920 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது, இந்தக் கணக்குக்கு வாட் போலவே கூட்டிக்கொள்ளலாம்); கிளம்ப மூன்று மடங்கு, 2760. ஹெச்.பி.யை 746-ஆல் பெருக்கிப் போடும் கணக்கு இதற்கு உதவாது. அது தண்டில் கிடைக்கும் சக்தி, கம்பியில் இழுப்பது அல்ல.

ஆகவே கணக்கு இப்படி: மற்றவை ஓடும் வாட் + மிகப் பெரிய ஒரே மோட்டாரின் கிளம்பும் அளவு. ரேட்டட் (தொடர்ந்து தருவது) 2500, மேக்ஸிமம் (சற்று நேரம் மட்டும் தருவது) 2800 என்று போட்ட ஜெனரேட்டரில் இந்த மோட்டார் தனியாகத்தான், அதுவும் மயிரிழையில், கிளம்பும். 501 ஏற்கெனவே ஓடினால் 3261, கிளம்பாது. பல்பு மங்கும், மோட்டார் சுழலாமல் உறுமும். உடனே அணைக்காவிட்டால் கெப்பாசிட்டரோ வைண்டிங்கோ (உள்ளே சுற்றிய கம்பி) போய்விடலாம். அதனால் முதலில் மோட்டாரை மட்டும் ஓட்டி டேங்கை நிரப்பி, அணைத்துவிட்டு, பிறகு ஃபிரிட்ஜ், கடைசியில் விசிறியும் விளக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் மேக்ஸிமத்தை நம்ப வேண்டாம். தொடர்ந்து ஓட்ட ரேட்டடில் 80 சதவீதம் போதும்.

கம்பியும் இதில் சேர்த்தி. 30 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போட்டால், கிளம்பும் 12 ஆம்பியருக்கே 13 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5-ல் ஐந்தரைக்குள் அடங்கும்.

இரு முனையும் பிளக் ஆக உள்ள ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது கொலைக்குச் சமம். அது மீட்டர் வழியே வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக 11,000 வோல்ட்டாக ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேனைத் தாக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இரு முனை சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச்சை (இபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைப்பது) எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள். ஜெனரேட்டர் திறந்த வெளியில், ஜன்னலை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். வராண்டாவும் வேண்டாம், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பின்சேர்க்கை: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பேட்டரி சார்ஜ் ஆகும் சுமையையும், 150 ஏ.ஹெச். பேட்டரிக்கு ஏறக்குறைய 250 வாட், கூட்டிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் ஓடியும் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே நின்றால், பின்பக்க ஸ்விட்ச் யு.பி.எஸ். மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மோட் ஏறி இறங்கும் வோல்ட்டை ஏற்காது. சாதா மோடுக்கு மாற்றினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.