டிவி வாங்கப் போகிறீர்களா? இன்ச்சை அப்புறம் பார்க்கலாம்

தீபாவளி நெருங்கினால் கும்பகோணம், தஞ்சாவூர் கடைகளில் டிவி வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச்?" அடுத்தது, "எவ்வளவு குறைப்பீங்க?" ஓடிடி பார்க்கத்தான் வாங்குகிறோம் என்றால் முதலில் கேட்க வேண்டியது, அதில் என்ன ஓஎஸ் (டிவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது என்பதைத்தான்.

மலிவு டிவிகளின் பெட்டியில் 'ஆண்ட்ராய்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பல சமயம் அது கூகுள் அங்கீகரித்த ஆண்ட்ராய்டு டிவியாகவோ கூகுள் டிவியாகவோ இருக்காது. அதில் நெட்ஃபிளிக்ஸ் ஓடாது. எப்படியோ ஏற்றினாலும் செல்போன் செயலிதான் வரும், ரிமோட்டுக்கு மசியாது. காசு கொடுத்து வாங்கிய 4கே திரையில் 480பி என்ற மங்கலான படம் பார்க்க வேண்டியதுதான். கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் என்றால் இந்தத் தொல்லை இல்லை. சன் நெக்ஸ்ட் மாதிரி வீட்டில் தினமும் பார்க்கும் செயலி இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஓடும் டெமோவைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்து, கண்ணைப் பறிக்கவென்றே எடுத்த 4கே வீடியோ அது. நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து யூடியூபில் ஒரு பழைய சிவாஜி பாட்டைப் போடுங்கள். நம் வீடுகளில் ஓடுவதில் பாதி அதுதானே! மட்டமான டிவியில் முகமெல்லாம் மெழுகு பூசிய மாதிரி தெரியும். பாட்டு ஓடும்போதே ஹோம் பட்டனை அழுத்தி, வேறு செயலியைத் திறந்து, திரும்பி வாருங்கள். 1 ஜிபி ராம் இருக்கும் டிவி இங்கேயே திணறும். 2 ஜிபி ராம், 16 ஜிபி ஸ்டோரேஜுக்குக் கீழே போகாதீர்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

டிவி 4கே என்பதால் வருவதெல்லாம் 4கே ஆகிவிடாது. நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் திட்டத்துக்குத்தான் 4கே. அதற்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறார்கள். மொபைல் திட்டம் டிவியில் ஓடவே ஓடாது.

நெட் கனெக்‌ஷன் கொடுக்க வரும் ஆள் ரூட்டரை ரேழியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். டிவி இரண்டு சுவர் தாண்டி உள்ளே இருக்கும். பழைய வீட்டுக் கனத்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுருண்டுவிடும். ரூட்டரை உள்ளே நகர்த்துங்கள், இல்லையென்றால் லேன் ஒயர் இழுங்கள். பல டிவிகளில் லேன் வேகம் 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும் 4கே படத்துக்கு அதில் கால்வாசி போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போவது டெல்டாவில் புதிதல்ல. டிவிக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுப்பவர்கள் ரூட்டரை மறந்துவிடுகிறார்கள். டிவி ஓடும், நெட் இருக்காது. இடி இடித்தால் ரிமோட்டில் அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பணம் கட்டும் முன் உங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி சர்வீஸ் பற்றிக் கேளுங்கள். வலங்கைமானுக்கோ முத்துப்பேட்டைக்கோ ஆள் வீட்டுக்கே வருவாரா, இல்லை டிவியைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போகணுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.