அம்மா அப்பாவைப் பிரிந்து வந்த பிள்ளை உங்கள் பொறுப்பில் இருக்கும்போது

போரிலிருந்தோ ஒடுக்குமுறையிலிருந்தோ தப்பித் தனியாக வந்து சேர்ந்த 14, 15 வயதுப் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலோ விடுதியிலோ வகுப்பிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வளர்ப்புப் பெற்றோராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், அந்தப் பிள்ளையின் மொழி பேசுகிற அக்கம்பக்கத்தவராகவும் இருக்கலாம். மனநல மருத்துவம் படிக்காத நான் என்ன செய்துவிட முடியும் என்று தயங்காதீர்கள். ஆலோசகர் வாரத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பார், மீதி நேரமெல்லாம் கூட இருக்கப்போவது நீங்கள்தான்.

முதலில் ஒன்று: நடந்த கதையைக் கேட்காதீர்கள். எல்லையில் ஒருவர் கேட்டிருப்பார், பதிவு செய்த அதிகாரி கேட்டிருப்பார், வழக்கறிஞர் கேட்டிருப்பார், மருத்துவர் கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் அது ஒரு பரீட்சை, ஒரு தேதி மாறினால்கூடப் பொய் சொல்கிறாய் என்று முடிவாகிவிடுமோ என்ற பயத்தோடு சொன்ன கதை. நீங்களும் அதே கேள்வியோடு போய் நின்றால் நீங்களும் இன்னொரு அதிகாரிதான். "சொல்லத் தோன்றினால் சொல், நான் கேட்கிறேன், சொல்லாவிட்டாலும் ஒன்றும் இல்லை" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். பல பிள்ளைகள் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, பாத்திரம் கழுவும்போதோ காரில் போகும்போதோ, முகம் பார்க்காமல் பேசக்கூடிய ஒரு நேரத்தில், திடீரென்று ஒரு வரி சொல்வார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதைப் பிடித்து இழுத்து மீதியை வாங்கப் பார்க்காதீர்கள். கொடுமையான நிகழ்வுக்குப் பிறகு எல்லாரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டவைப்பது நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறது. பார், கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு, அவ்வளவுதான் அதன் சாரம்.

அப்படியென்றால் முதல் நாட்களில் என்ன பேசுவது? சின்னச் சின்ன விஷயங்கள்தான். கழிப்பறை எங்கே, அறைக் கதவை உள்ளே பூட்டலாமா, வீட்டில் யார் யார், சாப்பாடு எத்தனை மணிக்கு, நாளைக்கு யார் வருவார்கள், எதற்கு வருவார்கள். வைஃபை கடவுச்சொல்லை முதல் நாளே கொடுங்கள். அந்தக் கைபேசியில்தான் அம்மாவின் குரல் இருக்கிறது, அண்ணனின் படம் இருக்கிறது. இரவில் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் விதி உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பிள்ளைக்கு அதை அப்படியே போடாதீர்கள், பேசி ஒரு வழி கண்டுபிடியுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமலே பல மாதம் வாழ்ந்த பிள்ளைக்கு, நாளை காலை என்ன நடக்கும் என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

பிரிவு முடியவில்லை என்பதுதான் சிக்கல்

இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் ஒன்றைக் கவனித்தார்கள்: குண்டுவீச்சை நேரில் பார்த்த குழந்தைகள்கூட அம்மா பக்கத்தில் இருந்தால் ஓரளவு தாங்கிக்கொண்டார்கள், அம்மாவைப் பிரிந்ததுதான் அவர்களை அதிகம் உலுக்கியது. உங்களிடம் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் நடந்திருக்கலாம். அதிலும் கொடுமை, பிரிவு இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாதபோது அழுது முடிக்கவும் முடியாது, நம்பி இருக்கவும் முடியாது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்து இதைத் தெளிவற்ற இழப்பு என்ற பெயரில் எழுதி வருகிறார். இதற்குச் சடங்கு இல்லை, துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை.

இங்கேதான் நல்ல மனதுள்ளவர்கள் தவறு செய்கிறார்கள். "கவலைப்படாதே, கண்டிப்பாக வந்துவிடுவார்கள்" என்று சொல்லாதீர்கள், உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது என்பது பிள்ளைக்கும் தெரியும். "இனி மனதைத் தேற்றிக்கொள்" என்பது அதைவிட மோசம், அப்பாவைச் சாகச் சொல்வது போல அவனுக்குக் கேட்கும். "எனக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. தேடுவதற்கு என்னவெல்லாம் செய்ய முடியுமோ செய்வோம்" என்று சொல்லலாம். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று ஒரு நாள் பேசிவிட்டு, மறுநாள் அவர் இல்லை என்று பேசினால் திருத்தாதீர்கள், இரண்டு எண்ணமும் ஒரே மனதில் இருக்கலாம்.

தேடுவதற்கு வழி இருக்கிறது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் நடந்த காலத்திலிருந்தே செஞ்சிலுவை இயக்கம் போரில் பிரிந்தவர்களுக்குச் செய்தி சேர்க்கும் வேலையைச் செய்து வருகிறது. இன்றும் அந்தந்த நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், சொல்லும் விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 22ஆவது பிரிவும், அகதிக் குழந்தையின் பெற்றோரைத் தேட அரசுகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது, எனவே யாரிடமும் சலுகை கேட்பதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் பிள்ளையைக் கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும், நீங்கள் ஊகிக்க முடியாத காரணமாகவும் இருக்கலாம். சொந்த நாட்டுத் தூதரகத்துக்கு நீங்களாகப் போன் செய்வது, பிள்ளையின் படத்தைப் போட்டு ஃபேஸ்புக்கில் "பெற்றோரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்" என்று பகிர்வது, இரண்டும் அங்கே இருக்கும் குடும்பத்தை ஆபத்தில் மாட்டிவிடலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், பதிலே வராமலும் போகலாம், வருவது கெட்ட செய்தியாகவும் இருக்கலாம் என்பதை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

போன் வந்த பிறகு

பெற்றோரோடு பேச முடிகிற பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். போன் வைத்த பிறகு அந்த முகத்தைப் பாருங்கள். "நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகப் படிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அம்மாவும் அந்தப் பக்கம் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பார். பயணத்துக்கு வாங்கிய கடன் இருக்கும், தம்பியை எப்போது கூப்பிடப்போகிறாய் என்ற கேள்வி இருக்கும், குடும்பத்தின் எதிர்காலம் முழுக்க அந்த 15 வயதுத் தோளில் இருக்கும். அதற்கு மேல் ஒரு குற்ற உணர்வு: அவர்கள் அங்கே குண்டுக்கு நடுவே இருக்கும்போது நான் இங்கே எப்படிச் சிரிப்பது, எப்படி வயிறு நிறையச் சாப்பிடுவது.

இதற்குச் செய்யக்கூடியவை உண்டு. பேசும் நேரத்தைப் படுக்கப்போவதற்குச் சற்று முன்பும் பரீட்சைக்கு முந்தைய இரவிலும் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். பேசி முடித்ததும் "என்ன சொன்னார்கள்" என்று கேட்காமல் பக்கத்தில் இருங்கள், ஒரு நடை போய்வரக் கூப்பிடுங்கள். அனுப்பப் பணம் இல்லை என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து யோசியுங்கள். பிள்ளை சம்மதித்தால், தேவையானால் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, நீங்களே அந்த அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு தடவை பேசுங்கள். உங்கள் மகள் எங்கே தூங்குகிறாள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லுங்கள். பிறகு ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "நீ சிரிக்கலாம், விளையாடலாம், நாங்கள் அதில் சந்தோஷப்படுவோம்" என்று அவர்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். நாம் நூறு தடவை சொல்லி நடக்காதது அவர்கள் ஒரு தடவை சொன்னால் நடக்கும். உங்களைப் பற்றிய பயமும் அதனால் குறையும், ஏனென்றால் உங்களிடம் அன்பாக இருந்தால் அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற எண்ணம் பல பிள்ளைகளுக்கு உண்டு. நீங்கள் அம்மாவின் இடத்துக்கு வரவில்லை என்று சொல்லியும் காட்டுங்கள், நடந்தும் காட்டுங்கள்.

சித்தப்பாவோடோ அத்தையோடோ வந்த பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். யாருமே இல்லாமல் வந்தவர்களைத் துணையற்ற குழந்தைகள் என்றும் உறவினரோடு வந்தவர்களைப் பிரிந்த குழந்தைகள் என்றும் ஆவணங்களில் வேறுபடுத்துவார்கள். சொந்தக்காரர் கூட இருக்கிறார் என்பதால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகாது, அவ்வப்போது அந்தப் பிள்ளையோடு தனியாகவும் பேசிப் பாருங்கள்.

இரவு

வழியெல்லாம் இரவில் விழித்துக் காவல் இருந்த உடம்புக்கு, ஆபத்து முடிந்துவிட்டது என்று தெரிய நாளாகும். அதனால் விடியும்வரை விழித்திருந்துவிட்டு வகுப்பில் தூங்குவார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். தூங்கப்போகும் நேரத்தை விட எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது எளிது, அதிலிருந்து தொடங்குங்கள். காலையில் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம், பகலில் வியர்க்கிற மாதிரி ஏதாவது விளையாட்டு, இரவில் வேண்டுமானால் ஒரு சின்ன விளக்கு.

கெட்ட கனவில் கத்தினால் ஓடிப்போய்த் தொட்டு உலுக்காதீர்கள், அரைத் தூக்கத்தில் நீங்கள் யார் என்றே தெரியாது. கதவருகே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் இன்னார், நீ இன்ன வீட்டில் இருக்கிறாய், இங்கே பத்திரமாக இருக்கிறாய் என்று மெதுவாகச் சொல்லுங்கள். விழித்த பிறகு கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லலாம், பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லலாம், மனம் இந்த அறைக்குத் திரும்பிவர அது உதவும். ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில், பிள்ளை விரும்பினால், அந்தக் கனவின் முடிவைத் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றி வரைந்தோ எழுதியோ பார்த்து, அந்தப் புதிய முடிவைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பழகலாம். இது ஆலோசகர்களே பயன்படுத்தும் முறை. அடிக்கடி வரும் தலைவலி, வயிற்றுவலியை நடிப்பு என்று தள்ளாதீர்கள், மனம் சொல்லாததை உடம்பு சொல்லும். ஆனால் மருத்துவரிடமும் காட்டுங்கள், உண்மையான நோயும் இருக்கலாம்.

சில நடத்தைகள்

தலையணைக்கு அடியில் சாப்பாடு ஒளித்துவைத்தால் பசி நினைவு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். கெட்டுப்போகாத தின்பண்டம் நிறைத்த ஒரு டப்பாவை அவன் அறையிலேயே வைத்துவிடுங்கள். தம்பி தங்கைக்கு அம்மாவாகவே மாறிவிட்ட அக்காவிடமிருந்து அந்தப் பொறுப்பை ஒரே நாளில் பிடுங்காதீர்கள், அவள் தாங்கி நின்றதே அதைப் பிடித்துக்கொண்டுதான். அவளைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். கோபப்படுகிற பிள்ளையை எல்லாரும் கவனிப்பார்கள், எதற்கும் நன்றி சொல்லி எதுவும் கேட்காமல் இருக்கும் பிள்ளையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒருவேளை அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அப்படி இருக்கலாம்.

மொழிபெயர்க்க இன்னொரு பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். பெரியவர் ஒருவர் வந்தாலும், அவர் எந்த ஊர், எந்தப் பிரிவு என்பதே பிள்ளைக்குப் பயமாக இருக்கலாம், இவர் சரியா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள்.

பிறந்தநாள் விஷயத்திலும் ஒரு கவனம் தேவை. சரியான தேதி தெரியாத பலருக்கு ஆவணத்தில் ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள், வீட்டில் எந்த நாளைக் கொண்டாடினார்கள் என்று கேளுங்கள். பல நாடுகளில் 18 வயது ஆனதும் தங்கும் இடம், பாதுகாவலர், குடும்பத்தை வரவழைக்கும் வாய்ப்பு எல்லாம் மாறிவிடும், அதனால் அந்தப் பிறந்தநாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடும். ஒரு வருடத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் என்ன மாறும் என்று கேட்டு, பிள்ளைக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

எப்போது நிபுணரிடம் போவது

முதல் சில வாரங்களில் அழுகை, பயம், தூக்கமின்மை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் இருந்தால், பள்ளிக்குப் போக முடியாமல் போனால், சாப்பாடு குறைந்துகொண்டே போனால், போதைப்பொருள் பக்கம் போனால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால் காத்திருக்காதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பல பிள்ளைகளுக்கு யாராவது கேட்டார்களே என்று மூச்சு வரும். ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே உதவிக்கு அழையுங்கள். மனநல சிகிச்சை என்றால் பைத்தியம் என்று முத்திரை குத்துவார்கள், புகலிடக் கோரிக்கை கெட்டுவிடும் என்று பயந்து மறுப்பவர்கள் உண்டு. ஆலோசகரிடம் பேசுவது எங்கே போகும், எங்கே போகாது என்பதை அந்த ஆலோசகரையே முதல் சந்திப்பில் விளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், "நான் எப்போதும் உன்கூட இருப்பேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இடமாற்றம் வரலாம், உங்கள் வேலை மாறலாம், விடைபெறாமல் போனவர்களை இந்தப் பிள்ளை ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டது. போகும் நாள் தெரிந்த உடனே சொல்லுங்கள். சேர்ந்து எடுத்த படங்களில் நாலைந்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள், கைபேசி தொலைந்தாலும் இருக்கும். உங்கள் எண்ணை எழுதிக் கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்கு நீங்கள் முதலில் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்த நாளில் அந்த மணிக்குக் கூப்பிடுங்கள்.