டீசல் பிக்கப்புக்கு வலுவான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வாங்கும் முன் பாருங்கள்

இத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்று விற்பவர் சொன்னால் அதோடு விடாதீர்கள். எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) தாங்கும் என்று கேளுங்கள். டீசல் இன்ஜின் குறைந்த ஆர்பிஎம்மிலேயே பெரும் டார்க்கைக் கொட்டும், கியர்பாக்ஸை உடைப்பது அதுதான். திறன் கூட்ட இன்ஜினை டியூன் செய்திருந்தால், டியூனுக்குப் பிந்தைய டார்க்கை விற்பவரிடம் சொல்லுங்கள், இழுக்கும் டிரெய்லரின் எடையையும் சேர்த்து.

என்னைக் கேட்டால் முதலில் டார்க் கன்வெர்ட்டரைத்தான் பார்க்கச் சொல்வேன்; இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் அது. பல வண்டிகளில் கம்பெனி கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்சில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) ஒரே டிஸ்க்தான். கூடுதல் டார்க் வந்தால் அது வழுக்கும், எண்ணெய் சூடேறும். மூன்று டிஸ்க் உள்ளது இறுக்கிப் பிடிக்கும். ஆனால் ஸ்டால் ஸ்பீடு (வண்டி நகராமல் இருக்க, கியரில் இன்ஜின் எட்டும் அதிகபட்ச ஆர்பிஎம்) அதிகமானதைச் சுமை இழுக்கும் வண்டிக்கு வாங்காதீர்கள், சூடுதான் மிஞ்சும். எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்துவிடும் வால்வ் பாடி, சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் எல்லாம் அடுத்தது.

அப்புறம், பழைய கியர்பாக்ஸ் உள்ளே உடைந்திருந்தால் அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரில் உலோகத் துகள்கள் தங்கியிருக்கும். புதியதையும் அவை கெடுத்துவிடும். கூலரை மாற்றி, குழாய்களைக் கழுவச் சொல்லுங்கள். எண்ணெய்க்கு ஒரு வெப்பமானியும் அவசியம். 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை ஓடவிட்டே ஆறவையுங்கள்.