இறக்கத்தில் நகம் கறுத்தது: ஷூவை இப்படித்தான் சரிசெய்தேன்

மலை ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும்போதுதான் கட்டைவிரல் ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்தது. அளவு சின்னது என்பது பாதிக் காரணம்தான். குதிகாலில் பிடிப்பில்லாமல் பாதம் முன்னால் வழுக்கியதே மீதி.

லேஸின் இரு முனைகளையும் அந்தந்தப் பக்கத்து மேல் துளைக்குள்ளேயே விட்டு, சிறு வளையமாக்கினேன். ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சிட்டேன். குதிகால் அசையவில்லை. இறங்கத் தொடங்கும் முன் இதை மறுபடி இறுக்க வேண்டும், கட்டாயம்.

அடுத்த ஷூவை, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், நடக்கும்போது போடும் கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்த்தேன். உள்தகட்டை (இன்சோல்) உருவி அதன்மேல் நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் தரும்.

ஓடைகளைக் கடக்கும் வெப்பமான பாதைக்கு வலைத்துணி ஷூவே என் தேர்வு. நீர்புகா பூட்ஸுக்குள் மேல்வழியாகத் தண்ணீர் போனால் சீக்கிரம் காயாது. அந்த பூட்ஸ் குளிருக்கும் ஈரப்புல்லுக்கும் சரி. சேற்றுக்கு, அடிப்பாகத்தில் ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் தேவை. நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு வழுக்கும்.

நனைந்த ஷூவை நெருப்பருகே வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.