நாகர்கோவிலில் இருந்து ஒரு கார்ட்டூன் தொடர்: காசும் கற்பனையும்

முதலில் கணக்கு. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 11 நிமிட எபிசோடுக்கு 7,920 படம்! இந்தச் செலவை ஈடுகட்டத்தான் தயாரிப்பாளர்கள் பொம்மை விற்பனையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். 1983-இல் வந்த ஹீ-மேன் கார்ட்டூன் தொடரே மேட்டல் என்ற நிறுவனத்தின் பொம்மைகளை ஒட்டி உருவானதுதான். அதில் தப்பில்லை, பொம்மைக்காகக் கதையை வளைப்பதுதான் தப்பு.

சிக்கனத்தை அசைவில் காட்டுங்கள். வாய், கண், கையைத் தனித்தனி லேயராக (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படமாக) வரையுங்கள்; அசைகிற பகுதியை மட்டும் மாற்றினால் போதும். முட்டம் பாறை, தோவாளைப் பூச்சந்தைப் பின்னணிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குரலை முதலிலேயே பதிவு செய்யுங்கள், நம்ம ஊர்ப் பேச்சிலேயே; படம் முடிந்தபின் பேசினால் வாயசைவு ஒட்டாது. காட்சிகளை வரிசையாகக் காட்டும் மாதிரிப் படங்களான ஸ்டோரிபோர்டைக் குரலோடு ஓடவிட்டு, இழுக்கிற காட்சியை அங்கேயே வெட்டுங்கள். வரைந்தபின் வெட்டினால் கூலி போச்சு.

கதாபாத்திர உரிமை யாருக்கு என்று பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.